கை விறைப்பும் விரல் நோவும்: ஸ்பொஞ்ச் உறையா, கையுறையா, லீவரின் கோணமா?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கோ, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கோ மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்றுவரும் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் வன்னியில் ஏராளம். கை விறைப்புக்கும் விரல் நோவுக்கும் அவர்களிடையே மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: கைப்பிடிக்கு மேல் போடும் ஸ்பொஞ்ச் உறை, உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை, லீவர்களின் கோணத்தையும் கிளட்ச் கேபிளையும் ஓட்டுபவரின் கைக்கு ஏற்பச் சீர்செய்தல். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பின் மூன்றாவதையே நான் தேர்ந்துகொண்டேன். கையுறை துணைக்கு இருக்கிறது. ஸ்பொஞ்ச் உறையைக் கழற்றிவிட்டேன்.

எதைத் தேர்வது என்பதற்கு முன், நோவது எந்த விரல் என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்தால், உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது என்று கொள்ளலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது பெரும்பாலும் மணிக்கட்டின் நடுவே ஒடுங்கிய வழியாகச் செல்லும் மீடியன் நரம்பு; மணிக்கட்டு நெடுநேரம் பின்னோக்கி வளைந்திருக்கும்போது அந்த வழிக்குள் அழுத்தம் கூடுகிறது. விறைப்பின்றி இடது கை விரல் மூட்டுகளும் முன்கையும் மட்டும் நொந்தால் கிளட்ச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வன்னியின் வீதிகளும் இரு விதமாகவே கையை வருத்துகின்றன. ஏ9 வீதியில் கார்ப்பெட் போட்ட நீண்ட நேர்ப்பாதை என்பதால் அக்சிலேற்றரை ஒரே நிலையில் பிடித்தபடி மணிக்கட்டு அசையாமல் கிடக்கிறது. எஞ்சினின் அதிர்வும் இடைவிடாமல் ஏறுகிறது. மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் வீதிகளிலோ பள்ளத்துக்குப் பள்ளம் கிளட்ச்சைப் பிடித்து விட வேண்டியிருப்பதுடன், ஹான்டில் கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் பிடியையும் இறுக்குகிறோம். பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் கூடுதலாக இறங்கும்.

ஸ்பொஞ்ச் உறை மலிவு, போடுவது சுலபம். அதன் நன்மை ஏறத்தாழ அவ்வளவுதான். கைப்பிடியின் பருமன் கூடுவதால் சிறிய கை உள்ளவர் விரலை அதிகம் விரித்து, அதிகம் இறுக்கிப் பிடிக்க நேர்கிறது. மாரியில் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சோளகக் காற்றில் செம்புழுதியைச் சேர்த்துக்கொள்கிறது. வலப்பக்க உறை தளர்ந்து அக்சிலேற்றரைத் தானாகத் திரும்பவிடாமல் தடுத்தால் அது உயிருக்கே ஆபத்து.

கையுறை அப்படியல்ல. விழுந்தால் உள்ளங்கைத் தோலைக் காப்பதற்காகவே அதை அணியலாம். மெத்தை உள்ளங்கையின் அடியில் சரியாக அமைந்திருந்தால் சுண்டுவிரல் விறைப்பு குறைகிறது. ஆயினும் அதிர்வைத் தடுக்கும் என்று கடையில் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 தடவை சுழலும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 83 அதிர்வுகள் எழுகின்றன. மெத்தைகள் இதைவிட விரைவான அதிர்வுகளையே நன்றாகக் குறைக்கின்றன, அதுவும் விரல்களில் மிகக் குறைவாகவே. வெயிலில் வியர்வையில் ஊறும் கையுறையை அடிக்கடி கழுவி உலர்த்த வேண்டியிருப்பதால் மாற்றுச் சோடி ஒன்றும் தேவைப்படுகிறது.

இனி லீவருக்கு வருகிறேன். புதிய வண்டிகளில் லீவர்கள் பெரும்பாலும் கிடையாகவே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மேல் விரலை வைக்க மணிக்கட்டைப் பின்னோக்கி மடிக்க வேண்டும். வழமையாக அமரும் நிலையில் அமர்ந்து, கையை நீட்டி, முன்கையும் புறங்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வரும் வரை லீவரைக் கீழ்நோக்கித் திருப்பிப் பூட்ட வேண்டும். ஆணியைத் தளர்த்த ஒரு ஸ்பானர் போதும். பக்கக் கண்ணாடி லீவரின் அடியிலேயே பூட்டப்பட்டிருந்தால் அதையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் எண்ணெய்க் கிண்ணம் அதிகம் சாயாதபடி அளவோடு திருப்ப வேண்டும். முடிவில் ஹான்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்த பின்பே வீதியில் இறங்கலாம்.

ஆனால் கோணத்தை ஒருமுறை வைத்தால் போதும். கேபிளை விடாமல் கவனிக்க வேண்டும், என் தேர்வை முடிவுசெய்ததும் அதுதான். கேபிள் லீவருக்குள் நுழையும் வாய் திறந்தே இருப்பதால் கோடையில் கிரவல் புழுதியும் மாரியில் மழைநீரும் அதன் வழியே இறங்குகின்றன. உள்ளே துருவும் மண்ணும் சேரும்போது கிளட்ச் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகவே கடினமாவதால் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை; கை நோகிறது என்று மட்டுமே தெரிகிறது. மேல்நுனியைக் கழற்றி, ஒரு பொலித்தீன் துண்டைப் புனல்போல் கட்டி, சில துளி எஞ்சின் ஒயிலை அடிநுனியில் கசியும் வரை இறக்கினால் லீவரின் கனம் வெகுவாகக் குறைகிறது. உட்புறம் வழுக்கும் பூச்சிட்ட கேபிள்களுக்கு ஒயில் தேவையில்லை என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதால் வண்டிக் கையேட்டை முதலில் பார்ப்பது நல்லது. கம்பி இழை ஒன்று பிரிந்திருந்தாலும் ஒயில் விடுவதில் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும். நல்ல கையுறையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல. கிளட்ச் லீவரின் நுனியில் இருக்க வேண்டிய தளர்வு, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவர் வெறுமனே அசையும் தூரம், பல சிறிய வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீற்றர். கிரவலில் ஓடும் வண்டிக்கு மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் இந்த வேலையைச் செய்வதை நான் வலியுறுத்துவேன்.

ஹான்டில் நுனியில் பூட்டும் எடைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹான்டிலின் அதிர்வு இயல்பை மாற்றி நடுக்கத்தைக் குறைப்பதே அவற்றின் வேலை. நண்பர் ஒருவரின் வண்டியில் சிறிது தூரம் ஓட்டியதில் ஏ9 வேகத்தில் வேறுபாடு தெரிந்தது. நீண்ட கால அனுபவம் எனக்கில்லை. எஞ்சினைத் தாங்கும் ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கராஜில் பார்த்த பின் அதை வாங்குவது உசிதம்.

ஏ9 வீதியில் மட்டுமே ஓடி, சுண்டுவிரல் மட்டுமே விறைக்கும் ஒருவர் என் வரிசையை மாற்றிக் கையுறையை முதலில் வாங்கலாம். அவரும் இடையில் இறங்கிக் கையை உதறி விரல்களை நீட்டி மடக்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லோரும் நிறுத்துகிறோம். ஆனால் வடக்கே செல்பவருக்கு அது கிளிநொச்சியை நெருங்கிய பின்னரே வருவதால் மாங்குளத்திலும் ஒருமுறை நிறுத்துவது நல்லது. வண்டி ஓட்டாத நாளிலும் விறைப்பு நீடித்தால், இரவில் எழுப்பினால், அல்லது கையிலிருந்து பொருள் நழுவினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; நீரிழிவும் தைரொய்ட் குறைபாடும் இதே விறைப்பைத் தருவதுண்டு.