ஃபிளாப்பி படிக்கவில்லையா: பழைய டிரைவைத் துடைப்பதா, யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்குவதா?

என் ஓட்டு முதலில் துடைப்பதற்குத்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் டிரைவின் ஹெட்டை, அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனையை, மெதுவாகத் துடைத்தால், டிஸ்க்கிலிருந்து உரிந்து ஒட்டிய பழுப்புத் துகள் பஞ்சோடு வந்துவிடும், பல சமயம் கோளாறும் அதோடு தீர்ந்துவிடும். மேல் ஹெட்டை மட்டும் தூக்கி இழுக்காதீர்கள், அலைன்மென்ட் (ஹெட் சரியான இடத்தில் நிற்கும் நேர்த்தி) போய்விடும். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஹெட் மேல் தப்பில்லை, பெரும்பாலும் டிரைவைக் கணினியோடு இணைக்கும் 34 பின் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள்.

யுஎஸ்பி டிரைவ்? செருகினால் வேலை செய்யும், சரி. ஆனால் அவை வழக்கமாக 3.5 அங்குல டிஸ்க்கை மட்டும்தான் ஏற்கும், அதிலும் 1.44 எம்பி, 720 கேபி தவிர மற்ற ஃபார்மட்டுகளில் திணறும். 5.25 அங்குல டிஸ்க் வைத்திருந்தால் பழைய டிரைவ்தான் கதி.

அப்புறம், 3.5 அங்குல டிஸ்க்கை எதில் போடுவதாக இருந்தாலும் ஷட்டரை (டிஸ்க்கின் ஓரத்தில் நகரும் மூடியை) நகர்த்திப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது புது டிரைவின் ஹெட்டையும் அழுக்காக்கிவிடும்.