43 அங்குலத்தில் ஃபுல் எச்டியா, 4கேவா?

வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீட்டு ஹாலுக்கு டிவி பார்த்தபோது, 43 அங்குலத்தில் ஃபுல் எச்டி, அதே அளவில் 4கே என்று இரண்டில் வந்து நின்றோம். 32 அங்குலத்தைத் தொடவே இல்லை. அதைவிடப் பெரிய டிவிக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன டிவிக்கு உள்ள அதே 18 ஆகிவிட்டதால், சின்னதை வாங்க இருந்த ஒரு காரணமும் போய்விட்டது.

ஃபுல் எச்டி என்றால் 1920க்கு 1080, சுமார் 20 லட்சம் பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். 4கே என்றால் 3840க்கு 2160, அதைப் போல நாலு மடங்கு. கடைக்காரரும் இதைத்தான் சொன்னார்: "சார், ஃபோர்கே எடுங்க, காலத்துக்கும் நிக்கும்." கடையில் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஓடிக்கொண்டிருந்த வீடியோவில் கிளி இறகின் மயிர்கூடத் தெரிந்தது. ஆனால் நாங்கள் நின்றது திரைக்கு மூன்றடி தள்ளி.

அங்கே தரையில் இரண்டடி டைல்ஸ். திரையிலிருந்து ஐந்து டைல்ஸ் எண்ணிப் பின்னால் போய், எங்கள் சோபா இருக்கும் தூரமான பத்தடியில் நின்று பார்த்தேன். எது ஃபுல் எச்டி, எது 4கே என்று சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு ஐந்தரை அடி தாண்டினாலே அது தனிப் புள்ளியாகத் தெரியாது. அதற்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அந்தப் புள்ளியை நாலாகப் பிரித்து என்ன செய்வது? கண் கூர்மையானவர்களுக்கு இந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடலாம். பத்தடி வராது. எனவே கடைக்குப் போகும் முன் சோபாவிலிருந்து சுவர் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஐந்தடிக்குள் உட்காரும் சின்ன அறை என்றால் 4கே எடுங்கள், காசு வீணில்லை.

அடுத்தது, டிவிக்குள் என்ன வருகிறது என்பது. எங்கள் வீட்டில் பகல் முழுக்க அம்மாவின் சீரியல், கேபிள் செட்டாப் பாக்ஸில். சாதாரண சேனல் 720க்கு 576தான். அதை 4கே திரையில் நிரப்ப ஒரு பிக்சலை இருபதாக்க வேண்டும். ஒரே அளவுத் திரை என்பதால் படம் இன்னும் மோசமாகும் என்று சொல்ல மாட்டேன், கூடுதல் பிக்சலுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். எச்டி சேனலும் உயரத்தில் 1080 பிக்சல்தான். நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம், அதோடு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம்.

4கே பக்கம் நியாயமே இல்லை என்றில்லை. வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் எச்டிஆர், வேகமான பிராசஸர் எல்லாம் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் வருகின்றன. கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது எது தெளிவு என்று இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. கேம் ஆடுகிறவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை, அதனால் அந்தக் கணக்கு எனக்கு வராது.

பத்தடிக்கு உண்மையில் 43ஐவிடப் பொருத்தம் 55 அங்குலம்தான். அந்த அளவில் கடையில் கிடைப்பதெல்லாம் 4கே என்பதால் இந்தக் கேள்வியே எழாது. பட்ஜெட் ஏறினால் 43 அங்குல 4கேயை விட்டுவிட்டு நேரே அதற்குப் போய்விடலாம் என்பேன். எங்களைத் தடுத்தது சுவரில் சிமெண்டில் கட்டிய பழைய ஷோகேஸ். டப்பா டிவி காலத்து மாடம், அகலம் மூன்றரை அடி. 55 அங்குல டிவி நாலடி அகலம், 43 மூன்றடிக்குச் சற்று மேல். மாடத்தை இடிக்க அப்பா சம்மதிக்கவில்லை.

ஃபுல் எச்டியே எடுத்தோம். மிச்சமான பணம் சவுண்ட்பாருக்குப் போனது. மெல்லிசு டிவிகளில் வரும் ஸ்பீக்கர், ஃபேன் ஓடினால் வசனத்தை விழுங்கிவிடுகிறது. வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு யார் டிவி பார்ப்பது?