சஞ்சுவா, இஷானா? எட்டாவது ஆள் யார் என்பதையும் சேர்த்தே கேட்போம்

2026 பிப்ரவரி 7 அன்று தொடங்கும் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கான பதினைந்து பேரைத் தேர்வுக் குழு 2025 டிசம்பர் 20 அன்று அறிவித்தபோது, துணைக் கேப்டனாக இருந்த சுப்மன் கில்லின் பெயர் பட்டியலில் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவுக்காக இந்த வகை ஆட்டத்தில் களமிறங்காத இஷான் கிஷனின் பெயர் இருந்தது. ஜிதேஷ் சர்மா வெளியேற, ரிங்கு சிங் உள்ளே வந்தார். பதினைந்து பேர் யார் என்ற வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது. ஆடப்போகும் பதினொருவர் யார், அதிலும் விக்கெட் கீப்பராகவும் தொடக்க மட்டையாளராகவும் இறங்குவது சஞ்சு சாம்சனா இஷான் கிஷனா என்ற வழக்குதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் தமிழ் ஊர்களில் இந்த வழக்கு பெரும்பாலும் சஞ்சு சாம்சன் என்ற ஒற்றைப் பெயரைச் சுற்றியே வருகிறது. ரேஷன் கார்டின்படி அவர் எங்கள் கேரள மாநிலத்துக்காரர். 2025 நவம்பரில் ஐபிஎல்லின் ராஜஸ்தான் அணியிலிருந்து சென்னை அணிக்கு மாற்றப்பட்டபின் மஞ்சள் சட்டைக்காரராகவும் ஆகிவிட்டார். வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என அவருக்கு இங்கே இரட்டை ஓட்டு. அந்தப் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் தொடக்க இடம் சஞ்சுவுக்குத்தான் என்பது என் கருத்து. ஆனால் அதற்கான காரணத்தைத் தொடக்க இடத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி எட்டாவது இடத்தில் இருக்கிறது.

முதலில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். 2024 அக்டோபரில் ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக சஞ்சு 47 பந்துகளில் 111 ரன்கள் எடுத்தார். லெக் ஸ்பின்னர் ரிஷாத் ஹுசைனின் ஒரே ஓவரில் ஐந்து சிக்சர்கள் பறந்தது அந்த ஆட்டத்தில்தான். அடுத்த ஆட்டம் டர்பனில், 107. அதற்கடுத்த இரண்டு ஆட்டங்களிலும் பூஜ்யம். ஐந்தாவதாக ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. ஐந்து ஆட்டங்களில் மூன்று சதம், இரண்டு முட்டை என்ற இந்த வரிசைதான் சஞ்சுவின் முழு ஜாதகமும். அடித்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், அடிக்காத அன்று வந்ததே தெரியாது. 2025-இன் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் ஐந்து இன்னிங்சிலும் சேர்த்து அவர் எடுத்தது 51 ரன்கள்தான். ஜோஃப்ரா ஆர்ச்சர் மட்டும் மூன்று முறை அவரை வெளியேற்றினார். உடம்புக்கு நேராக எழும்பிவரும் வேகப்பந்தை மடக்கி அடிக்கப் போய்க் கேட்ச் கொடுப்பது பழக்கமாகிவிட்ட தொடர் அது. உலகக் கோப்பையில் எதிரணிகள் அந்தக் காணொளிகளைப் பார்க்காமல் வரப்போவதில்லை.

இஷான் கிஷனின் பக்கம் இப்போது காற்று பலமாக வீசுகிறது. 2024-இல் வாரியத்தின் ஒப்பந்தத்தையே இழந்தவர், உள்நாட்டு ஆட்டங்களில் புழுதி குடித்துத் திரும்பியிருக்கிறார். 2025 டிசம்பர் 18 அன்று சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹரியானாவுக்கு எதிராக 49 பந்துகளில் 101 அடித்து, கேப்டனாகவே ஜார்க்கண்டுக்கு அந்தக் கோப்பையை முதன்முறையாக வாங்கிக் கொடுத்தார். தொடரில் அதிக ரன்கள் எடுத்தவரும் அவர்தான். இருவரும் ஒரே ஆட்டத்தில் ஆடியதையும் நினைத்துப் பார்க்கலாம்: 2025 மார்ச் 23 அன்று ஹைதராபாத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக இஷான் 47 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 106, பதிலுக்கு சஞ்சு 37 பந்துகளில் 66. தட்டையான ஆடுகளத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பதிலும் ஒருவரை ஒதுக்கி மற்றவரை எடுக்கும் அளவுக்கு இடைவெளி இல்லை.

அப்படியென்றால் இப்போது நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரைத்தானே எடுக்க வேண்டும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் தொடக்கக்காரரைத் தனி ஆளாக எடை போட முடியாது. மறுமுனையில் நிற்கும் அபிஷேக் சர்மா இடக்கையர். மூன்றாவதாக வரும் திலக் வர்மாவும் இடக்கையர். இஷானும் இடக்கையர் என்பதால் அவரை இறக்கினால் முதல் மூவரும் ஒரே கைக்காரர்களாகிவிடுவார்கள். அதன் விளைவு, எதிரணிக் கேப்டன் இரண்டாவது ஓவரிலேயே ஆஃப் ஸ்பின்னரைக் கொண்டுவந்து, பந்து வெளியே திரும்பிச் செல்லும்படி ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு முதல் ஆறு ஓவர் பவர்பிளேயைக் கடத்தலாம். தடுப்பாளர்களை ஒவ்வொரு பந்துக்கும் இடம் மாற்ற வேண்டிய தொல்லைகூட அவருக்கு இருக்காது. நான்காவதாக வரும் சூர்யகுமார் வலக்கையர்தான். ஆனால் 2025 முழுவதும் இந்தியாவுக்காக இந்த வகை ஆட்டத்தில் அவர் எடுத்தது 218 ரன்கள், அதில் ஓர் அரைசதம்கூட இல்லை. பின்னால் சிவம் துபே, அக்சர் படேல், ரிங்கு என்று மறுபடியும் இடக்கையர்களே வருகிறார்கள். சஞ்சுவின் வலக்கை இந்த வரிசைக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

சஞ்சுவை நடுவரிசைக்கு அனுப்பிவிட்டால் என்ன என்ற யோசனையை 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் செய்தே பார்த்துவிட்டார்கள். கில் தொடக்கத்துக்கு வந்தார், சஞ்சு ஐந்தாவது இடத்துக்கு இறங்கினார். வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஆறு விக்கெட்டுகள் விழுந்தும் அவரை மட்டை பிடிக்கவே அனுப்பவில்லை. இறுதி ஆட்டத்தில் 21 பந்துகளில் 24. அதே ஆண்டில் கில் இந்தியாவுக்காக 15 இன்னிங்ஸ் ஆடி ஓர் அரைசதமும் எடுக்கவில்லை. ஓர் இடத்தைக் கொடுக்கப் போய் இரண்டு இடங்களை வீணாக்கிய ஏற்பாடு அது. தேர்வுக் குழு அதைத் தாமதமாகவேனும் கலைத்தது நல்லதே.

விக்கெட் கீப்பரே தொடக்கக்காரராகவும் இருந்தால் நடுவில் ஓர் இடம் காலியாகிறது. இனி முக்கியமான பகுதிக்கு வருகிறோம். அபிஷேக், சஞ்சு, திலக், சூர்யகுமார், ஹர்திக் பாண்டியா, துபே, அக்சர் என்று ஏழு பேர் எழுதியாயிற்று. பும்ராவையும் வருண் சக்கரவர்த்தியையும் எவரும் தொடப்போவதில்லை. மிச்சமிருக்கும் இரண்டு இடங்களுக்கு வேகப்பந்து வீச்சாளர் அர்ஷ்தீப், சுழற்பந்து வீச்சாளர் குல்தீப், ரிங்கு, வாஷிங்டன் சுந்தர், ஹர்ஷித் ராணா என்று ஐந்து பேர். பயிற்சியாளர் கௌதம் கம்பீரின் போக்கு எட்டாவது ஆள் வரை மட்டை பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அந்தப் போக்கின்படி ரிங்குவோ ராணாவோ ஓர் இடத்தைப் பிடித்தால், அர்ஷ்தீப், குல்தீப் இருவரில் ஒருவர் தண்ணீர்ப் பாட்டில் சுமக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் இதே ஆசை கேப்டன்களைப் பிடித்து ஆட்டுவதைப் பார்க்கலாம். பதினொரு பேரும் சிக்சர் அடிப்பவர்களாக வேண்டும் என்று ஆள் சேர்த்துவிட்டு, கடைசி இரண்டு ஓவருக்குப் பந்து போட ஆளில்லாமல், கோட்டுக்கு வெளியே நிற்கும் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, “மாமா, நீங்களாச்சும் ஒரு ஓவர் போட்டுக் குடுங்க” என்று கெஞ்சுவார்கள். சர்வதேச அணி அவ்வளவு தூரம் போகாது என்றாலும் ஆசையின் வேர் ஒன்றுதான்.

எட்டாவதாக வரும் மட்டையாளர் பெரும்பாலான ஆட்டங்களில் சில பந்துகளையே சந்திக்கிறார். ஆசியக் கோப்பை இறுதியில் காயமடைந்த ஹர்திக்குக்குப் பதிலாக வந்த ரிங்கு சந்தித்தது ஒரே ஒரு பந்து. அதை எல்லைக்கு விரட்டி வெற்றி ரன்னை எடுத்தார் என்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் அதே ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு 113 என்று நின்ற பாகிஸ்தானை 146-க்குச் சுருட்டியதில் பெரும்பங்கு, நான்கு ஓவர்களில் 30 ரன் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்த குல்தீப்புடையது. அந்த நான்கில் மூன்று, ஒரே ஓவரில் விழுந்தவை. தொடர் முழுவதுமாக அவருக்கு 17 விக்கெட்டுகள். எட்டாவது இடத்தில் கிடைக்கும் பதினைந்து ரன்களுக்காக இத்தகைய 24 பந்துகளை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கில் லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

2024 உலகக் கோப்பையும் இதே பக்கம்தான் சாட்சி சொல்கிறது. நியூயார்க்கின் கணிக்க முடியாத ஆடுகளத்தில் சிராஜை ஆடவைத்தவர்கள், மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதும் குல்தீப்பை உள்ளே கொண்டுவந்தார்கள். ஐந்து ஆட்டங்களில் அவருக்குப் பத்து விக்கெட்டுகள் கிடைத்தன. அந்தப் போட்டியில் 17 விக்கெட் எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் அர்ஷ்தீப். அந்த அணியில் இடம்பெற்றும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கோப்பையோடு ஊர் திரும்பியவர் சஞ்சு என்பதையும் எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

எதிர்வாதத்தில் கனமானது பனி. இந்திய மைதானங்களில் இரவு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பந்து சோப்பைப் போல வழுக்கும்போது மணிக்கட்டால் சுழற்றுபவருக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆகவே பனி கொட்டும் இரவில் குல்தீப்பை நிறுத்திவிட்டு ரிங்குவை எடுப்பதை நான் மறுக்கமாட்டேன். அர்ஷ்தீப்பை மட்டும் நிறுத்தக் கூடாது. புதுப் பந்தை அவர் பும்ராவுக்குப் பங்காளியாகப் பிடித்தால்தான், பும்ராவின் இரண்டு ஓவர்களைக் கடைசிக்கு மிச்சம் வைக்க முடியும். ஆசியக் கோப்பையில் ஹர்திக்கைப் புதுப் பந்துக்கு அனுப்பி அர்ஷ்தீப்பை உட்காரவைத்தது ஐக்கிய அரபு அமீரகத்தின் மெதுவான தரைக்குப் பொருந்தியிருக்கலாம், மும்பைக்குப் பொருந்தாது.

கொழும்புக்கு அந்த மெதுவான தரைக் கணக்கு மறுபடியும் செல்லும். பிப்ரவரி 15 அன்று அங்கே பாகிஸ்தானுடன் ஆடும்போது வருண், குல்தீப், அக்சர் மூவரும் இருந்தாக வேண்டும். எதிரில் சயிம் அயூப், ஃபக்கர் ஸமான் என்று இடக்கையர்கள் வரிசையாக நின்றால் துபேயின் இடத்தில் வாஷிங்டன் சுந்தரைக்கூட யோசிக்கலாம். ஹோபார்ட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 23 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 49 எடுத்தவர், மட்டையிலும் குறைந்தவரல்லர்.

தரைக்கேற்ப மாற்ற வேண்டியது பந்து வீச்சை மட்டும்தான், தொடக்க ஜோடியை அல்ல. 2021-இல் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக, முந்தைய ஆட்டத்தில் தோற்ற பதற்றத்தில் ரோகித் சர்மாவை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி இஷானைத் தொடக்கத்துக்கு அனுப்பினார்கள். அவர் 4 ரன்னில் போனார், அணி 110 ரன்களோடு முடங்கி எட்டு விக்கெட்டில் தோற்றது. எனவே அமெரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் எதிரான முதல் இரண்டு ஆட்டங்களில் சஞ்சு ஒற்றை இலக்கத்தில் வெளியேறினாலும் கொழும்பில் அபிஷேக்கோடு அவரே இறங்க வேண்டும். அதற்குப் பிறகு சூப்பர் எட்டுச் சுற்றில் உண்மையான வேகம் கொண்ட அணி எதிரே வந்து, மடக்கி அடிக்கும் பழைய வியாதி திரும்பியது தெரிந்தால், அப்போது இஷானை எழுப்பிக்கொள்ளலாம்.