பாலக்காட்டு ஈரமும் வறட்டுக் காற்றும் தாங்கின வயலின் பெட்டி

வயலினுக்குப் பெட்டி வாங்கப் போனால் எல்லாரும் முதலில் தட்டிப் பார்ப்பது வெளி ஓட்டைத்தான். பாலக்காட்டுக் கல்பாத்தியில் என்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் "ஃபைபரா, பிளைவுட்டா, எது டீச்சர் கெட்டி?" என்றுதான் கேட்பார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் வாங்கின ஃபோம் ஓட்டுப் பெட்டி ஒன்றைப் பல வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: ஓடு எப்படி என்பதை அப்புறம் பாருங்கள், முதலில் திறந்து உள்ளே பாருங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது மெத்தை. நல்ல பெட்டியில் வயலினின் முதுகு அடித்தட்டில் படாது. உடம்பின் மேல் முனையும் கீழ் முனையும் மட்டும் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும், நடுவில் வெறும் இடைவெளி. இது ஏன் முக்கியம் என்றால், வயலினுக்குள்ளே சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி பசை எதுவும் இல்லாமல், மேல் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. பெட்டி தொப்பென்று விழுந்து முதுகு நேராகத் தரையின் அடியை வாங்கினால் அந்தக் குச்சி நிற்கும் இடத்தில் பலகை விரிசல் விடும், அந்த ரிப்பேர் செலவில் இரண்டு மூன்று பெட்டி வாங்கிவிடலாம். என் பெட்டி ஒருமுறை ஓடுகிற பஸ்ஸின் மேல் தட்டிலிருந்து கீழே விழுந்தது. ஓட்டின் மூலை நசுங்கியது, வயலினுக்குச் சுருதி கலைந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம், அதற்கு உங்கள் வயலினையே கையோடு கொண்டுபோங்கள். வயலினை உள்ளே வைத்துக் கழுத்துப் பட்டையைக் கட்டிவிட்டு, முதுகுக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள், நடுவில் தடையில்லாமல் போய்வர வேண்டும். அடுத்து, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் தலையில் லேசாகச் சாக்பீஸ் தடவி, மூடியைச் சாத்தி மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தித் திறந்து பாருங்கள். மூடியின் உள்துணியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், யாராவது மேலே ஒரு பையை வைத்தாலே பாரம் குதிரையில் இறங்கிவிடும்.

அடுத்தது நம்ம ஊர் வானிலை. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், தந்தியை முறுக்குகிற பிரடை உப்பிக்கொண்டு திருப்பவே வராது. மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும்போது அதே பிரடை நழுவிப்போகும், வஜ்ஜிரம் போட்டு ஒட்டின ஓரங்கள் வாய்விட ஆரம்பிக்கும். 40 முதல் 60 சதவீத ஈரப்பதம்தான் வயலினுக்கு ஒத்துக்கொள்வது. எந்தப் பெட்டியும் இதை முழுசாகத் தடுக்காது, ஆனால் மூடியின் ஓரத்தில் ரப்பர் விளிம்பு இருந்தால் மாற்றம் மெதுவாக நடக்கும். என்னுடையது வெறும் ஜிப். அதனால் மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நீல மணி ரோஸ் ஆனதும் மாற்றிவிடுவேன், சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளேயே கிடக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் பூட்டின காருக்குள் மட்டும் எந்தப் பெட்டியையும் விட்டுப் போகாதீர்கள், வஜ்ஜிரம் சூட்டில் இளகிவிடும்.

எடைக்கும் வருகிறேன். என் பெட்டி வயலினும் வில்லும் உள்ளே இருக்கும்போதும் மூன்று கிலோவைத் தொடாது, வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் முதுகில் மாட்டினால் தோள் வலிப்பதில்லை. பிளைவுட் பெட்டி கெட்டிதான், ஆனால் நிஜமாகவே கனம். வயலின் வடிவிலேயே வருகிற ஒடுக்கமான பெட்டி பஸ்ஸுக்கு வசதி என்றாலும் அதில் சாமான் வைக்க இடமே இருக்காது. தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நமக்கு ஷோல்டர் ரெஸ்ட் தேவையில்லை, அதற்கான அறையில் வில்லுக்குத் தேய்க்கிற ரோசினும் துடைக்கிற பருத்தித் துணியும் வைத்துக்கொள்கிறேன். விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொடுகிறவர்கள் அந்தக் குப்பியைத் தயவுசெய்து வேறு பையில் போடுங்கள், ஒரு சொட்டு வில்லின் மயிரில் பட்டாலும் தந்தியைப் பிடிக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. வில்லைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் திருகு லொடலொடத்துவிட்டது, இப்போது ரிப்பன் கட்டி வைத்திருக்கிறேன். ஜிப்பின் இழுவை கழன்றது, பை தைக்கிறவரிடம் கொடுத்துப் பித்தளையில் மாற்றினேன். உள்ளே வெல்வெட் என்பதால் இருட்டில் அடைத்தே வைத்திருந்தால் வில் மயிரைக் கடிக்கிற பூச்சி வந்துவிடும், தினமும் சாதகத்துக்குத் திறக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்து, மூலைகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வாங்கும்போது "எப்படியும் வளரப்போகிறாள்" என்று முழு சைஸ் பெட்டியை வாங்கி அதில் அரை சைஸ் வயலினைப் போடாதீர்கள். சுற்றித் துண்டு திணித்தாலும் அது உள்ளே ஆடிக்கொண்டேதான் இருக்கும், கழுத்தும் மெத்தையில் சரியாக உட்காராது. அதற்குப் பதில், வளர்ந்துவிட்ட வேறொரு பிள்ளையின் பழைய பெட்டியை, மெத்தை அமுங்காமல் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.