டியூஷனுக்கு உதவிய புத்தகம் எது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். போன கோடை விடுமுறையில் கற்றல் அறிவியல் பற்றிய மூன்று ஆங்கிலப் புத்தகங்களைப் படித்தேன். இன்று நன்றாகச் சொல்லும் பிள்ளை அடுத்த வாரம் ஏன் விழிக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஜூனில் வகுப்பு தொடங்கியதும் ஒன்றைத்தான் தொடர்ந்து பின்பற்ற முடிந்தது. அது 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'மேக் இட் ஸ்டிக்'. ரோடிகர், மெக்டேனியல் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்களோடு பீட்டர் பிரவுன் என்ற எழுத்தாளரும் சேர்ந்து எழுதியது.

மற்ற இரண்டும் சாதாரணமானவை அல்ல. மூளை அறிவியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டிஹேன் எழுதிய 'ஹவ் வி லேர்ன்' மூளையின் பக்கமிருந்து விளக்குகிறது. கவனம், முனைந்து ஈடுபடுதல், தவறைத் திருத்திக்கொள்ளுதல், கற்றது மனதில் நிலைத்து உறைதல் என்று நான்கு தூண்களைச் சொல்கிறார். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. ஆனால் நாளைய வகுப்பில் என்ன செய்வது என்று கேட்டால், எனக்குக் கையில் பிடிக்கக் கிடைத்தது குறைவு. ஒரே முறைதான் படித்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உளவியல் பேராசிரியர் டேனியல் வில்லிங்ஹாமின் 'வை டோன்ட் ஸ்டூடன்ட்ஸ் லைக் ஸ்கூல்?' வேறு ரகம். எதைப் பற்றி மனம் யோசித்ததோ அதுதான் நினைவில் தங்கும் என்கிறார். அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் சென்ற வரலாற்றை நடத்த, அவர்கள் சாப்பிட்ட பிஸ்கட்டைப் பிள்ளைகளையே செய்ய வைத்த ஒரு வகுப்பைப் பற்றி அதில் வருகிறது. பிள்ளைகள் யோசித்ததெல்லாம் மாவையும் பாலையும்தான். இதைப் படித்துவிட்டு என் செய்முறை வகுப்புகளை நினைத்துக் கொஞ்சம் கலங்கிப்போனேன்.

அப்படியிருந்தும் 'மேக் இட் ஸ்டிக்' பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், ஆசிரியருக்குத் தினமும் ஆகிற வேலை. வில்லிங்ஹாம் சொல்வதை முழுதாகச் செய்ய ஒவ்வொரு பாடத்தையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். பகலில் பள்ளி, மாலையில் டியூஷன் என்று ஓடுகிறவர்களால் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கலாம், அப்புறம் பழைய வழிக்கே போய்விடுவோம். நான் போய்விட்டேன். ரோடிகர் குழு கேட்பது மிகக் குறைவு. புத்தகத்தை மூடி வைத்து, நினைவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். பாடங்களைக் கலந்து கேளுங்கள். பாடம் நடத்தும் முறையில் கை வைக்கவே தேவையில்லை.

என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் ஐந்து கேள்வி. நேற்று நடத்திய மின்னோட்டவியலில் இரண்டு, போன வாரத்து ஒளியியலில் இரண்டு, ஜூனில் முடித்த இயக்க விதிகளில் ஒன்று. மதிப்பெண் கிடையாது. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பழைய கேள்வியே திரும்ப வருவதால் தயாரிக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. முதல் மாதம் "மிஸ், ஒரே ஒரு தடவை புக்கைப் பார்த்துக்கிறோமே" என்று கெஞ்சினார்கள். விட்டுக்கொடுக்காமல் இருக்க எனக்குத் துணை நின்றது, ரோடிகரும் கார்ப்பிக் என்ற இன்னொரு உளவியல் ஆய்வாளரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுதான். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள்; ஒரு வாரம் கழித்து 40. ஒருமுறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்கள் முதலில் 71தான்; ஆனால் ஒரு வாரம் கழித்து 61. உடனே பார்த்தால் திரும்பத் திரும்பப் படிப்பதே ஜெயித்த மாதிரி தெரியும். இத்தனை வருஷம் என்னையும் பிள்ளைகளையும் ஏமாற்றியது அந்த முதல் ஐந்து நிமிடம்தான்.

'மேக் இட் ஸ்டிக்'கில் குறையும் உண்டு. விமானி, மூளை அறுவை மருத்துவர், கால்பந்துப் பயிற்சியாளர் என்று கதைகள் நீள்கின்றன. சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். தங்கள் கொள்கைப்படி வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் சில இடங்களில் பக்கத்தைத் தள்ளினேன். இன்னொன்று, பாடமே புரியாத பிள்ளையிடம் இந்த ஐந்து கேள்வி பலிப்பதில்லை. ஓம் விதியை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுக் கணக்கில் மாட்டிக்கொள்கிற இரண்டு பேர் இப்போதும் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வில்லிங்ஹாமை மறுபடி எடுத்திருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. அதனால் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் சிபாரிசு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்கள் வில்லிங்ஹாமில் தொடங்குவதே நல்லது என்று படுகிறது. வாங்குவதானால் 2021இல் வந்த இரண்டாம் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். 2009 பதிப்பில் இல்லாத தொழில்நுட்பம் பற்றிய அத்தியாயம் அதில் இருக்கிறது.