கமிஷன் மட்டுமே தரும் வேலையா, ஆள் சேர்க்கும் வணிகமா?

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து வேலை தேடும் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் இளையோருக்கு இரண்டு வகை அழைப்புகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 'மேலாளர் பயிற்சி' என்ற விளம்பரத்தில் தொடங்கி, நேர்காணலுக்குப் போன பிறகே அடிப்படைச் சம்பளம் கிடையாது, விற்றால்தான் கமிஷன் என்று தெரியவரும் வேலை. மற்றொன்று, தெரிந்த அக்காவோ மாமாவோ "சும்மா வந்து கேட்டுப் பார்" என்று கூட்டத்திற்கு அழைத்துப்போய், பணம் கட்டிப் பொருள் பாக்கேஜ் வாங்கவைத்து, மேலும் ஆள் சேர்க்கச் சொல்லும் வணிகம். இரண்டில் எது பரவாயில்லை என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கமிஷன் வேலையில் சேரும்போது பணம் கட்டச் சொல்வதில்லை. ஆகையால் நட்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் நாளொன்றுக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலே 26 வேலை நாளில் 520 வெள்ளி பையனின் கையிலிருந்து போய்விடுகிறது. வாடிக்கையாளர் பின்னர் ரத்து செய்தால், கொடுத்த கமிஷனையும் திரும்பப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. என் தங்கை மகன் அப்படிப்பட்ட ஓரிடத்தில் நான்கு மாதம் இருந்தான். காலை எட்டு மணிக்குக் கூட்டம், வராவிட்டால் கண்டிப்பு, எந்தத் தாமானில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதுவரை உத்தரவு. ஆனாலும் அவனிடம் கையெழுத்து வாங்கிய தாளில் அவன் ஊழியன் அல்லன், 'சுயதொழில் செய்பவர்' என்று எழுதியிருந்தது.

இந்த ஒரு சொல்லில்தான் முழுச் சுரண்டலும் அடங்கியிருக்கிறது என்பேன். ஊழியர் என்றால் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, விடுப்பு அனைத்தும் முதலாளியின் கடமையாகும். கமிஷன் மட்டுமே பெறும் ஊழியருக்கும் மாத வருமானம் குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் கீழே போகக்கூடாது. 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் அது 1,700 வெள்ளி. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, எழுத்துவடிவ ஊழிய ஒப்பந்தம் இல்லாத நிலையிலும், ஒருவரின் வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் மற்றவர் கட்டுப்படுத்தினால், வேலை செய்பவர் ஊழியர் என்றே அனுமானிக்க இடமுண்டு. ஆகவே காலைக் கூட்டத்திற்கு அழைத்த வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பவருக்குத் தொழிலாளர் இலாகாவில் பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது.

ஆள் சேர்க்கும் வணிகத்தில் அத்தகைய பிடிமானம் குறைவு. உரிமம் பெற்ற நேரடி விற்பனை நிறுவனங்களும் இருக்கின்றன, அவற்றின் ஏ.ஜே.எல். எனப்படும் நேரடி விற்பனை உரிம எண்ணை உள்நாட்டு வாணிப அமைச்சிடம் சரிபார்க்கலாம். ஆனால் உரிமம் இருப்பதால் மட்டும் வருமானம் வந்துவிடாது. பொருளை வாங்கிப் பயன்படுத்தும் வெளியாள் இருக்கிறாரா, அல்லது டவுன்லைனில், அதாவது ஒருவருக்குக் கீழ் ஒருவராகச் சேர்ந்தவர்களே பாக்கேஜ் பாக்கேஜாக வாங்கிக் குவிக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது விதியானால், எட்டாவது படியில் மட்டும் 1,679,616 பேர் தேவை. 2020 கணக்கெடுப்பில் பினாங்கு மாநில மக்கள்தொகையே ஏறக்குறைய 17 இலட்சம்தான். விற்பனையைவிட ஆள் சேர்ப்பதையே முதன்மையாகக் கொண்டு பயன் தரும் பிரமிட் திட்டத்தை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அதை நடத்தும் நிறுவனத்திற்கு முதல் குற்றத்திற்கே 10 இலட்சம் முதல் 1 கோடி வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம்.

என்னைக் கேட்டால், கமிஷன் வேலையைவிட இரண்டாவதே கொடியது. முன்னதில் பையன் இழப்பது தன் உழைப்பையும் பெட்ரோல் காசையும். பின்னதில் அம்மாவின் சீட்டுப் பணம் போகிறது, அவன் பேச்சை நம்பிச் சேர்ந்த சித்தியும் பள்ளித் தோழனும் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார்கள். கமிஷன் வேலையிலும் 'நீ நாலு பேரைப் பயிற்றுவித்தால் தனி அலுவலகம்' என்ற பேச்சு தொடங்கிவிட்டால், அந்த வேறுபாடும் மறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாரமே விலகிவிடுவது நல்லது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலோ ஜார்ஜ்டவுன் துணிக்கடையிலோ அடிப்படைச் சம்பளத்துடன் ஓர் இடம் கிடைக்குமானால், இவ்விரண்டையும் விட்டு அதை எடுத்துக்கொள்ளும்படிதான் என் தங்கை மகனிடம் சொன்னேன். இப்போது அவனுடைய சம்பளச் சீட்டில் சேமநிதிச் சந்தாவும் பதிவாகியிருக்கிறது.