லண்டனிலிருந்து ஒரு நாள், ஒரு கதீட்ரல்: கேன்டர்பரியா, சாலிஸ்பரியா, ஈலியா?

லண்டனுக்கு வந்து நாலைந்து நாள் தங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். ஒரு நாள் கையில் மிச்சம் இருக்கிறது, வெளியே போய் ஒரு பழைய கதீட்ரலைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், எங்கே போகலாம்? கேட்ட மாத்திரத்தில் கேன்டர்பரி என்று சொல்லிவிடுவார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. மூன்றுக்கும் ஒன்றுக்கு இரண்டு தடவை போய் வந்த பிறகு என் வரிசை மாறிவிட்டது.

முதலில் ரயில் விஷயத்தை முடித்துவிடலாம். கேன்டர்பரிக்கு செயின்ட் பாங்கிராஸிலிருந்து அதிவேக ரயில், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஈலிக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் வழியாக ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலிஸ்பரி வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேரம். மூன்று ஊரிலும் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம், டாக்சி வேண்டாம். வார நாளில் காலைக் கூட்டம் கழிந்து ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் டிக்கெட் மலிவு. நுழைவுக் கட்டணம் மூன்றிலும் உண்டு, கேன்டர்பரியில்தான் அதிகம்.

கேன்டர்பரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வரலாறு என்று எடுத்தால் இதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. 597-இல் ரோமிலிருந்து வந்த அகஸ்டின் தொடங்கிய இடம், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரின் இருக்கை. ஆனால் கூட்டம் வருவது அதற்காக இல்லை, ஒரு கொலைக்காக. 1170 டிசம்பர் 29 அன்று மாலை, ராஜா இரண்டாம் ஹென்றியின் நான்கு வீரர்கள் உள்ளே புகுந்து பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். ஒருகாலத்தில் ராஜாவும் அவரும் உயிர் நண்பர்கள். மூன்றே வருஷத்தில் அவருக்குப் புனிதர் பட்டம், நாலாவது வருஷம் ராஜாவே வந்து கசையடி வாங்கிக்கொண்டு பரிகாரம் செய்தார். வெட்டிய இடத்தில் இப்போது சுவரில் இரண்டு வாள்கள் தொங்குகின்றன. விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் நிழலும் சேர்ந்து நாலு வாளாகத் தெரியும். அந்த ஒரு மூலையில் நிற்கும்போது பேச்சு தன்னால் நின்றுவிடுகிறது.

சரி, குறை என்ன? பெக்கெட்டின் சமாதிதான் மூன்று நூற்றாண்டுக்கு மேல் மக்களை இங்கே இழுத்தது. அதை 1538-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் உடைத்து, இருந்த தங்கத்தையும் ரத்தினத்தையும் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது வெறும் தரை, நடுவில் ஒரு மெழுகுவத்தி. ஏறிப் போகும் படிகளும் சுற்றியுள்ள கல்லும் தேய்ந்து குழி விழுந்திருக்கின்றன. கதை தெரிந்து போகிறவருக்கு அந்த வெறுமையே போதும், தெரியாமல் போகிறவர் 'இவ்வளவுதானா' என்று கேட்பார். நான் கூட்டிப்போன ஒருவர் கேட்டார்.

அவருக்கு அன்று கைகொடுத்தது வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். சமாதி இருந்த இடத்தைச் சுற்றி, பெக்கெட்டின் பெயரால் நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களைப் படம் படமாக வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. ஒரு ஜன்னலில் சில பையன்கள் மெட்வே ஆற்றங்கரையில் தவளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவன் தவறி ஆற்றில் விழுந்துவிடுகிறான், பிறகு பிழைக்கிறான். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பச்சைத் தவளைகள்! வெறுங்கண்ணுக்கு உயரம் அதிகம், சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: பட்டமளிப்பு விழாவெல்லாம் இங்கே நடக்கும், அந்த நாளில் போனால் நடுக்கூடம் முழுக்க நாற்காலியும் கறுப்பு அங்கியும்தான். கிளம்புவதற்கு முன் இணையத்தில் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பார்க்காமல் போனவன் சொல்கிறேன்.

சாலிஸ்பரியில் கதை அவ்வளவு இல்லை, பொருள் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால், கை நீட்டும் தூரத்தில். 123 மீட்டர் ஊசிக்கோபுரம், பிரிட்டனிலேயே உயரமானது. மற்ற கதீட்ரல்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுத்தடித்து, ஒவ்வொரு மூலை ஒவ்வொரு பாணியில் நிற்கும், இது 1220-இல் தொடங்கி 1258-க்குள் முக்கியக் கட்டடம் முடிந்துவிட்டது, அதனால் ஒரே கையால் வரைந்தது போல ஒரே சீராக இருக்கும். இந்தச் சீர்தான் சிலருக்குச் சலிப்பாகவும் படும் (எனக்குக் கொஞ்சம் படும்). கோபுரம் முதல் திட்டத்தில் இல்லை, பிறகுதான் ஏற்றினார்கள். அஸ்திவாரமோ ஒன்றேகால் மீட்டர் ஆழம்கூட இல்லை, அடியில் சரளைக்கல்லும் தண்ணீரும். சும்மா இருக்குமா? உள்ளே நடுவில் நின்று தூண்களை அண்ணாந்து பாருங்கள், பாரம் தாங்காமல் வளைந்திருப்பது சாதாரணக் கண்ணுக்கே தெரியும். 1668-இல் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து அளந்தபோதே கோபுர உச்சி முக்கால் மீட்டர் சாய்ந்திருந்தது. நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தரையில் ஒரு கல்லைத் தூக்கி உள்ளே நீளமான குச்சியை விட்டு அளக்கிறார்கள், காரில் எண்ணெய் பார்க்கிற மாதிரிதான்.

இங்கே கட்டாயம் பார்க்க வேண்டியதில் ஒன்று கடிகாரம். முள்ளும் கிடையாது, முகப்பும் கிடையாது, இரும்புச் சட்டத்துக்குள் சக்கரமும் கயிறும் கல் எடையும் மட்டும். 1386 வாக்கில் செய்தது என்கிறார்கள், மணி அடித்துச் சொல்வதற்காக மட்டுமே செய்தது, இன்னும் ஓடுகிறது. பக்கத்தில் போய் நின்று அந்த டக்... டக்... சத்தத்தை இரண்டு நிமிஷம் கேட்டால் போதும். இன்னொன்று ஞானஸ்நானத் தொட்டி. 2008-இல் வைத்தது, சிலுவை வடிவம், நாலு மூலையிலும் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் மேல் பரப்பு துளி அசையாது. அதில் கூரை அப்படியே தலைகீழாகத் தெரியும். கூட வந்த சித்தப்பா அதைக் கறுப்புக் கண்ணாடி மேசை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி வைக்கப் போனார், "சித்தப்பா, அது தண்ணீர்" என்று நான் சொல்வதற்குள் விளிம்பு நனைந்துவிட்டது.

ராஜாவின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-ஆம் ஆண்டுச் சாசனம் மாக்னா கார்ட்டா, அதன் மூலப் பிரதிகளில் மிஞ்சியவை நாலு, அதில் ஒன்று இங்கே எண்கோண மண்டபத்தில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், பொடி எழுத்தில் லத்தீன் நிரம்பிய ஒரு தோல், ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. 2018-இல் ஒருவர் சுத்தியலோடு வந்து அதன் கண்ணாடிப் பெட்டியை உடைக்கப் பார்த்திருக்கிறார், ஆவணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே 2018-இல்தான் இந்த ஊரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவருக்கும் அவர் மகளுக்கும் நச்சு வைத்த விவகாரம். சந்தேகிக்கப்பட்ட இருவர் ரஷ்யத் தொலைக்காட்சியில் தோன்றி, தாங்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள், 123 மீட்டர் கோபுரத்தையும் பழைய கடிகாரத்தையும் பார்க்கத்தான் போனோம், முதல் நாள் பனிச்சேறாக இருந்ததால் திரும்பி மறுநாளும் போனோம் என்றார்கள். நம்புவதும் நம்பாததும் இருக்கட்டும், பார்க்க வேண்டிய பட்டியலைச் சரியாகத்தான் சொன்னார்கள்.

முட்டி நன்றாக இருந்தால் கோபுரச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யுங்கள். 332 படி, வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். ஊசிக்கோபுரத்தின் அடிவரைதான் ஏறலாம், ஆனால் அங்கே நின்று மேலே பார்த்தால் கட்டும்போது போட்ட மரச்சாரம் இன்னும் உள்ளேயே இருப்பது தெரியும், யாரும் பிரிக்கவே இல்லை. கீழே இறங்கி வந்தால் சுற்றிலும் பெரிய புல்வெளி, குழந்தைகளை ஓடவிடலாம், கட்டுச்சோறு பிரிக்கலாம். செவ்வாய், சனியில் ஊருக்குள் சந்தை. ஒரே ஒரு தப்பு செய்யாதீர்கள்: பக்கத்தில்தானே என்று ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தையும் அதே நாளில் சேர்ப்பது. போய் வர நேரம் சரியாகிவிடும், கதீட்ரலை ஓடிக்கொண்டே பார்ப்பீர்கள்.

இப்போது ஈலி. தமிழில் எழுதும்போது கொஞ்சம் அசந்தால் எலி ஆகிவிடும், ஊர்ப்பெயர் வந்தது விலாங்கு மீனிலிருந்து (ஆங்கிலத்தில் ஈல்). சுற்றிலும் ஒருகாலத்தில் சதுப்பு, நடுவில் தீவாக இந்த மேடு, தண்ணீரெல்லாம் விலாங்கு. 17-ஆம் நூற்றாண்டில் சதுப்பை வடித்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் மேசை மாதிரித் தட்டையான வயல். கேம்பிரிட்ஜ் தாண்டிக் கால் மணி நேரம், ரயில் ஜன்னலில் கண்ணை வைத்திருங்கள். ஒன்றுமே இல்லாத அந்தப் பரப்பில் திடீரென்று ஒரு கப்பல் நிற்கும். 'சதுப்பின் கப்பல்' என்றே இதற்குப் பெயர். மற்ற இரண்டு ஊரிலும் இந்த வரவேற்பு கிடையாது, சாலிஸ்பரியில் கோபுரம் தெரியும், ஆனால் ஊரோடு சேர்ந்துதான் தெரியும்.

முன்னால் வந்து நின்றால் முகப்பே கோணல். இடது பக்கச் சிறகு எப்போதோ இடிந்து விழுந்து, திரும்பக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். உள்ளே நீண்ட நடுக்கூடம், 1083-இல் தொடங்கிய நார்மன் கட்டடம், கனத்த அரைவட்ட வளைவுகள். இருட்டாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூட இருக்கும். நடந்துகொண்டே போகிறீர்கள், நடுவில் வந்து மேலே பார்க்கிறீர்கள், அவ்வளவுதான், கழுத்து அங்கேயே நின்றுவிடும்.

1322 பிப்ரவரியில் ஒரு ராத்திரி நடுக்கோபுரம் பெருஞ்சத்தத்தோடு சரிந்து விழுந்தது. அதே மாதிரி சதுரக் கோபுரத்தைத் திரும்பக் கட்டியிருக்கலாம். பொறுப்பில் இருந்த துறவி ஆலன் ஆஃப் வால்சிங்கம், நாலு தூண் நின்ற இடத்தை அப்படியே அகலமாகத் திறந்து எட்டு மூலை வைத்தார். இவ்வளவு அகலத்தைக் கல் கூரை தாங்காது, மரம்தான் வழி. வில்லியம் ஹர்லி என்ற ராஜாவின் தலைமைத் தச்சர் வந்தார், பிரம்மாண்டமான எட்டு ஓக் மரங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றின் மேல் கண்ணாடி ஜன்னல்களோடு ஒரு விளக்குக் கூண்டு. கீழே இருக்கும் எண்கோணத்துக்கு மேலே இருக்கும் எண்கோணம் அரை மூலை திரும்பி நிற்கிறது, அதனால் பார்க்கப் பார்க்க நட்சத்திரம் சுழல்கிற மாதிரி இருக்கும். மொத்தமும் முடிய ஏறக்குறைய இருபது வருஷம். கல் போலத் தெரிவதில் பாதி மரம்.

அந்தக் கூண்டுக்குச் சுற்றுலா உண்டு, 170 படி. மேலே போனதும் உங்களைச் சுற்றி ஆளுயர மரப் பலகைகள், முன்பக்கம் தேவதைகள் வரைந்தவை. வழிகாட்டி ஒரு தாழ்ப்பாளை விலக்கி ஒரு பலகையைக் கதவு மாதிரித் திறந்தார். தேவதையின் முதுகுப் பக்கம் வெறும் மரம், தூசி, ஆணி. எட்டிப் பார்த்தால் தரையில் நடக்கிறவர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஓக் மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், கோடாலியால் செதுக்கிய தடம் விரலுக்கு அகப்படுகிறது. நான் இதுவரை கொடுத்த கதீட்ரல் கட்டணங்களில் முழுசாகச் செரித்தது இது ஒன்றுதான்.

ஈலியில் மாதா மண்டபத்தையும் விடாதீர்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சிற்பங்கள், பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. மதச் சீர்திருத்தக் காலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்திருக்கிறார்கள், ஏணி போட்டு நிதானமாகச் செய்த வேலை. வெளியே வந்தால் ஊர் ரொம்பச் சின்னது, 17-ஆம் நூற்றாண்டில் ராஜாவை வீழ்த்தி நாட்டை ஆண்ட ஆலிவர் குரோம்வெல் குடியிருந்த வீடு, ஆற்றங்கரை, டீக்கடை, முடிந்தது. மழை பெய்தால் ஒதுங்கப் போக்கிடம் குறைவு. அந்த விஷயத்தில் கேன்டர்பரி எவ்வளவோ தேவலை, கடைத்தெருவே ஒரு நாளைக்குப் போதும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: முடிந்தால் ஈவன்சாங்குக்கு, அதாவது பாடகர் குழு பாடும் மாலை வழிபாட்டுக்கு, இருங்கள். வார நாளில் பெரும்பாலும் ஐந்தரை மணி, முக்கால் மணி நேரம், கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் உட்காரலாம். சாலிஸ்பரியில் 1991-இலேயே சிறுமிகளுக்கென்று தனிப் பாடகர் குழு தொடங்கினார்கள். ஞாயிறு காலை மட்டும் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம், வழிபாடு நடந்துகொண்டே இருக்கும்.

ஆக, வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் சாலிஸ்பரிக்கே போங்கள், யோசிக்க வேண்டாம். பெக்கெட் கதையை முன்னாலேயே படித்துவிட்டு வருகிறவரைக் கேன்டர்பரி ஏமாற்றாது. தனியாகவோ, கட்டடம் பார்க்கும் கிறுக்கு உள்ள ஒருவரோடோ போவதாக இருந்தால் ஈலி, இரண்டு பேச்சே இல்லை. எனக்கு நாளைக்கே ஒரு நாள் கிடைத்தாலும் அங்கேதான் போவேன்.

வின்செஸ்டரை ஏன் விட்டேன் என்று யாராவது கேட்பார்கள். வாட்டர்லூவிலிருந்து ஒரு மணி நேரம்தான், விட்டிருக்கக் கூடாது. 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற நீர்மூழ்கித் தொழிலாளி, கண்ணே தெரியாத கலங்கல் தண்ணீரில் நாள்தோறும் இறங்கி, மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கதீட்ரலின் அடியில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கி நிறுத்தினார். நன்றிக்கு 1960-களில் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள், போட்டோ மாறிப்போய்ச் சிலையில் எஞ்சினியரின் முகம் வந்துவிட்டது. சரியான முகத்தோடு மாற்றி வைத்தது 2001-இல்.